குன்னூர் மாடி ஆபீஸ் ஏஜென்ட் அண்ணனுக்கு 3.5 ஸ்டார், மீதி 1.5 எங்க போச்சுன்னும் சொல்றேன்

ஒன்பது வருஷமா ஒரே மியூச்சுவல் ஃபண்ட் ஏஜென்ட்கிட்ட இருக்கேன். ஹோட்டல், ரிசார்ட், வர்க்கி கடைக்கெல்லாம் ரிவியூ எழுதறாங்க, நம்ம கடைசி காலத்துப் பணத்த வச்சிருக்கறவருக்கு யாரும் எழுத மாட்டேங்கறாங்களேன்னு தோணுச்சு, அதான் உக்காந்தேன். பேரும் கடை பேரும் போடல. திட்டறதும் கொஞ்சம் இருக்கு, இங்க எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். குன்னூர் பஸ் ஸ்டாண்ட்ல இருந்து மேல ஏறுற ரோட்டுல ஒரு பேக்கரிக்கு மேல மாடில இருக்குன்னு மட்டும் வச்சுக்கங்க, கேள்விப்பட்டவங்களுக்குப் புரியும்.

முதல்ல எங்க நெலமய சொல்லிடறேன், இல்லன்னா கணக்கு புரியாது. நான் கோத்தகிரி பக்கம் ஒரு பிரைவேட் ஸ்கூல்ல டீச்சர், வயசு 41. வீட்டுக்காரர் டூரிஸ்ட் டாக்ஸி ஓட்டறாரு. ஏப்ரல் மே சீசன்ல கை நெறைய வரும், ஜூலை ஆகஸ்ட் மழைல வண்டி வாசல்லயே நிக்கும், அப்பறம் ஆயுத பூஜை லீவுல கொஞ்சம், கிறிஸ்துமஸுக்குக் கொஞ்சம், 2024 மே மாசம் நீலகிரிக்கு வர்ற வண்டிக்கெல்லாம் இ-பாஸ் வந்த புதுசுல ஒரு வாரம் ஃபோனே அடிக்கல. அவருக்கு பி.எஃப். கிடையாது, பென்ஷன் கிடையாது, ஒண்ணும் கிடையாது. எனக்கு பி.எஃப். இருக்கு. ஆனா அதோட பென்ஷன் எவ்ளோன்னு ஒரு நாள் போட்டுப் பாத்தேன், பென்ஷனுக்கு எடுக்கற சம்பளம் 15,000க்கு மேல போகாது, அத சர்வீஸ் வருஷத்தால பெருக்கி 70ஆல வகுக்கணும், 30 வருஷம் வேல பாத்தாலும் ஆறாயிரத்து சொச்சம் தான் மாசம் வரும், அதுவும் வெலவாசி ஏறுனா ஏறாது, அப்படியே நிக்கும். இப்போ எங்க வீட்டுச் செலவு மாசம் 25,000. வருஷம் 6 பர்சன்ட் வெலவாசி ஏறுனா நான் 58ல ரிட்டயர் ஆகும்போது இதே சோறு இதே குழம்புக்கு 67,000 வேணும். அந்த நம்பர பாத்த அன்னைக்கு ராத்திரி தூக்கம் வரல, உண்மைய சொல்றேன்.

ஏஜென்ட் அண்ணன் எங்க மாமனார் வழியா வந்தவரு. மாமா ஊட்டி இந்து நகர் ஃபிலிம் ஃபேக்டரில இருந்தவரு, ஹெச்.பி.எஃப். எக்ஸ்ரே ஃபிலிமும் போட்டோ ஃபிலிமும் பண்ணுன கம்பெனி, டிஜிட்டல் வந்து அந்தப் பொழப்பே போச்சு, வி.ஆர்.எஸ்.னு விருப்ப ஓய்வு குடுத்து அனுப்பிட்டாங்க. அந்தக் காலத்துல இந்த அண்ணன் போஸ்ட் ஆபீஸ் ஆர்.டி. பணம் வசூல் பண்ணுனவரு. மாசாமாசம் வீடு வீடா வந்து கார்டுல எழுதிட்டுப் போவாரு, எங்க அத்தை டீ குடுத்து அனுப்புவாங்க. அப்பறம் இன்சூரன்ஸ், அப்பறம் பரீட்ச எழுதி ஃபண்ட் விக்கறதுக்கான ஏ.ஆர்.என். நம்பர் வாங்கி மியூச்சுவல் ஃபண்ட். வயசு அறுபத நெருங்குது, இன்னும் பெரிய பட்டன் வச்ச கால்குலேட்டர் தான், கம்ப்யூட்டர்ல எக்ஸெல் தொறந்து வச்சிட்டு பக்கத்துல அந்தக் கால்குலேட்டர்லயே தட்டுவாரு.

2016 ஜூன்ல முதல் தடவ போனேன், நல்ல மழை, மாசாமாசம் ரெண்டாயிரம் ரூபா தானா ஃபண்டுக்குப் போற மாதிரி எஸ்.ஐ.பி. போடணும்னு போய் நின்னேன். ரெண்டாயிரத்துக்கு எவன் மதிப்பான்னு நெனச்சேன். மரப்படி ஏறி ஈரக் குடையோட நின்னா உள்ள ஹீட்டர் போட்டு உக்காந்திருந்தாரு, எந்திரிச்சு ஹீட்டர என் பக்கம் திருப்பி வச்சிட்டு "உக்காருங்க டீச்சர், சம்பளம் எத்தனாம் தேதி போடறாங்க?"ன்னு தான் முதல் கேள்வி. எந்த ஃபண்டுன்னு கேக்கல, எவ்ளோன்னு கேக்கல, தேதி கேட்டாரு. நான் 7ன்னேன், சில மாசம் 10 ஆகும்னேன். அப்போ 12ஆம் தேதி வச்சிக்கலாம், இல்லன்னா அக்கவுன்ட்ல பணம் இல்லாம பவுன்ஸ் ஆகி பேங்க்காரன் ஃபைன் போடுவான், ரெண்டாயிரத்துக்கு எஸ்.ஐ.பி. போட்டு ஐநூறு ஃபைன் கட்டுனா என்ன பிரயோஜனம்னாரு. நம்ம பக்கம் தேயில வச்சிருக்கற ஆளுங்களுக்கும் இதே மாதிரி தான் பண்ணுவாராம், ஃபேக்டரி எலைப் பணம் எப்போ போடுதுன்னு கேட்டு அதுக்கு நாலு நாள் தள்ளி தேதி வைப்பாரு. ஆப்ல போட்டா அது ஏதோ ஒரு தேதிய காமிக்கும், உங்க எலைப் பணம் எப்போ வரும்னு அதுக்கு என்ன தெரியும். இதுக்கே ஒரு ஸ்டார்.

அடுத்த ஸ்டார் 2018ல. நான் கணக்கு வச்சிருந்த ஒரு பேங்க்ல, பேர் வேணாம், டெபாசிட் ரினியூ பண்ணப் போனப்போ ஒரு தம்பி டை கட்டிட்டு வந்து "மேடம் இது மியூச்சுவல் ஃபண்ட் மாதிரியே தான் மேடம், இன்சூரன்ஸும் சேந்து வருது, அஞ்சு வருஷம் தான்"னு சொல்லி ஐம்பதாயிரத்துக்கு கையெழுத்து வாங்கிட்டான். தம்பி பாவம், அவனுக்கும் டார்கெட். பாலிசி பாண்டு வீட்டுக்கு வந்துச்சு, நான் பெருமையா எடுத்துட்டுப் போய் அண்ணன்கிட்ட காமிச்சேன். கண்ணாடிய நெத்திக்கு ஏத்திட்டு ஒவ்வொரு பக்கமா படிச்சாரு, ஒரு கால் மணி நேரம் பேசவே இல்ல. அப்பறம் ஒரே கேள்வி, இது கைக்கு வந்து எத்தன நாள் ஆச்சு? பதினொரு நாள். அப்போ 15 நாளைக்குள்ள வேணாம்னு திருப்பிக் குடுக்கற உரிமை இருந்துச்சு, ஃப்ரீ லுக்னு சொல்வாங்க, இப்போ அத 30 நாள் ஆக்கிட்டாங்க. அங்கயே லெட்டர் எழுதி, அவரே ஜெராக்ஸ் எடுத்து, அக்னாலெட்ஜ்மென்ட் சீல் வாங்காம வராதீங்கன்னு சொல்லி அனுப்புனாரு. ஸ்டாம்ப் செலவு அது இதுன்னு கொஞ்சம் புடிச்சிட்டு மீதி வந்துருச்சு. இதுல அவருக்கு ஒரு பைசா கிடையாது.

அப்பறம் கொரோனா. 2020 மார்ச் 23, திங்கக்கெழம. ஷேர் மார்க்கெட்டோட ஏத்த எறக்கத்த காட்டற நிஃப்டி ஜனவரில 12,300க்கு மேல இருந்தது அன்னைக்கு 7,610ல வந்து நின்னுச்சு. வீட்டுக்காரர் வண்டி நிறுத்தியாச்சு, ஊருக்குள்ள ஒரு டூரிஸ்ட் கிடையாது, ஸ்கூல் மூடியாச்சு, சம்பளம் பாதி வருமா முழுசா வருமான்னு தெரியாது. நான் போட்டது 1,08,000, ஸ்டேட்மென்ட்ல 80,000க்கும் கீழ காமிச்சுது. ஃபோன் போட்டு எல்லாத்தையும் எடுத்துக் குடுங்கண்ணான்னு கத்துனேன், அழுகவும் செஞ்சேன். அவரு கேட்டாரு, உறைபனி விழுந்து தேயிலச் செடி கருகுனா வேரோட புடுங்கியா போடறீங்க, கெளைய வெட்டி கவாத்து பண்ணி விட்டா தளிர் வருதுல்ல? எனக்கு அப்போ கோவம் தான் வந்துச்சு, நானே சோத்துக்கு யோசிச்சிட்டு இருக்கேன் இவரு கவாத்து கதை பேசறாருன்னு. ஆனா அவரு அதோட விடல. எடுக்க வேணாம், போடவும் வேணாம், மூணு மாசம் எஸ்.ஐ.பி.ய நிறுத்தி வைக்கலாம், கைச்செலவுக்கு எவ்ளோ கொறையுதுன்னு சொல்லுங்க, அத மட்டும் பாப்போம்னாரு. நிறுத்தி வச்சோம். நவம்பர்ல நிஃப்டி பழைய உச்சத்தத் தாண்டிருச்சு. அன்னைக்கு நான் வித்திருந்தா அந்த 28,000 நஷ்டம் நஷ்டமாவே போயிருக்கும். அதுக்கு மேல, மறுபடி அந்தப் பக்கமே தலை வச்சுப் படுத்திருக்க மாட்டேன், என்ன எனக்கே தெரியும்.

இவ்ளோ நல்லவருக்கு அந்த ஒண்ணரை ஸ்டார் ஏன் கொறச்சேன்னு இப்போ வரேன்.

வருஷத்துக்கு ரெண்டு தடவ, மார்ச் முடிஞ்சும் செப்டம்பர் முடிஞ்சும், சி.ஏ.எஸ்.னு ஒரு ஸ்டேட்மென்ட் மெயில்ல வரும். எல்லா கம்பெனி ஃபண்டும் ஒரே பி.டி.எஃப்.ல இருக்கும், பாஸ்வேர்டு கேக்கும், அதனாலயே நான் பல வருஷம் தொறந்ததே இல்ல. 2024 அக்டோபர்ல ஒரு மழை நாள், ஸ்கூல் லீவு, தொறந்து கடைசிப் பக்கம் வரைக்கும் படிச்சேன். அங்க ஒரு டேபிள். ஒவ்வொரு ஃபண்டுக்கும் நேரா, இந்த ஆறு மாசத்துல ஏஜென்ட்டுக்குப் போன கமிஷன் எவ்ளோன்னு ரூபாயில போட்டிருந்துச்சு. கூட்டிப் பாத்தேன், 2,846. அப்போ என் பணம் மொத்தம் ஏழு லட்சத்துக்குக் கொஞ்சம் கம்மி. வருஷத்துக்கு 5,700, மாசத்துக்கு 475. எட்டு வருஷமா அவரு எனக்கு ஒரு பில்லு குடுத்ததில்ல, நானும் ஒரு ரூபா எடுத்துக் குடுத்ததில்ல, ஓசில பண்ணித் தர்றாரு நல்ல மனுசன்னு நெனச்சிட்டு பொங்கலுக்கு வீட்டுல பண்ணுன முறுக்கு வேற கொண்டு போய்க் குடுத்திருக்கேன்.

விஷயம் தெரியாதவங்களுக்கு சொல்றேன், ஒவ்வொரு ஃபண்டும் ரெண்டு மாதிரி இருக்கும், ஏஜென்ட் வழியா வாங்கறது ரெகுலர், நாமளே நேரா வாங்கறது டைரக்ட். 2013 ஜனவரி 1ல இருந்து டைரக்ட் இருக்கு. உள்ள இருக்கற ஷேர் அதே, மேனேஜர் அதே. ரெகுலர்ல ஏஜென்ட் கமிஷனும் செலவுக் கணக்குல சேரும், அத நம்மகிட்ட கேட்டு வாங்க மாட்டாங்க, தினமும் என்.ஏ.வி.லயே, அதாவது ஃபண்டோட ஒரு யூனிட் வெலயிலயே, துளித்துளியா கழிச்சிருவாங்க. அதனால தான் நமக்கு வலிக்கறதில்ல. என்னோட ஃபண்டுகள்ல ரெண்டுக்கும் செலவு வித்தியாசம் வருஷத்துக்கு 0.7ல இருந்து 1.1 பர்சன்ட் வரைக்கும் இருந்துச்சு. ஒரு பர்சன்ட் தானேன்னு விட்ரலாம். ஆனா மாசம் 5,000 வீதம் 20 வருஷம் போட்டு 12 பர்சன்ட் கெடச்சா 49 லட்சம், 11 கெடச்சா 43 லட்சம். 12 கெடைக்கும்னு யாரும் எழுதித் தரல, அது வேற, ஆனா எவ்ளோ கெடச்சாலும் அதுல இந்த ஒண்ணு போகும்கறது மட்டும் நிச்சயம். ஆறு லட்சம்னா எங்க வீட்டுக்காரருக்கு ஒரு செகண்ட் ஹேண்ட் வண்டி.

கமிஷன் வாங்கறது தப்புன்னு நான் சொல்லல, டாக்ஸிக்காரன் பொண்டாட்டி நான், டீசலுக்குக் காசு, ஆளுக்குக் காசு எல்லாம் தெரியும். ஆனா மீட்டர் போடணும்ல. ஏறுறப்பவே இவ்ளோ ஆகும்னு சொல்லணும். அத சொல்லல. அரை ஸ்டார் கட்.

அடுத்தது என் தலையில சேந்த ஒன்பது ஃபண்ட். ரெண்டாயிரத்துல ஆரம்பிச்சு நாலாயிரம் ஆச்சு, 2022ல ஆறாயிரம் ஆச்சு, ஒவ்வொரு தடவ ஏத்தும்போதும் புதுசு புதுசா ஃபண்டுங்க சேந்துச்சு. பெரிய கம்பெனி ஷேர் வாங்கற லார்ஜ் கேப் ரெண்டு, எல்லா சைஸும் வாங்கற ஃப்ளெக்ஸி கேப் ரெண்டு, டாக்ஸ் சேவிங்குக்கு ரெண்டு, நடுத்தர கம்பெனிக்கு ஒரு மிட் கேப், அப்பறம் 2021ல வந்த ரெண்டு என்.எஃப்.ஓ., அதாவது அப்போ தான் புதுசா தொறந்த ஃபண்ட். நானும் ஒன்பது இருந்தா ரொம்ப சேஃப்னு நெனச்சேன். அந்த மழை நாள்ல தான் ஒவ்வொண்ணும் எதுல போட்டிருக்குன்னு நோட்டுல கோடு போட்டு எழுதுனேன், பசங்களுக்கு டேபிள் போட்டுக் குடுக்கற மாதிரி. ஹெச்.டி.எஃப்.சி. பேங்க், ஐ.சி.ஐ.சி.ஐ. பேங்க், ரிலையன்ஸ், இன்ஃபோசிஸ். அடுத்தது, மறுபடி ஹெச்.டி.எஃப்.சி. பேங்க், ஐ.சி.ஐ.சி.ஐ. பேங்க். நாலு ஃபண்டுல அதே பேரு தான் முன்னாடி நிக்குது, வரிச மட்டும் மாறுது. ஒரே சாம்பார நாலு கிண்ணத்துல ஊத்தி வச்சிட்டு நாலு குழம்பு இருக்குன்னு சொன்ன கதை. லார்ஜ் கேப்னாலே முதல் 100 கம்பெனிக்குள்ள தான் பெரும்பாலும் வாங்கணும்னு மார்க்கெட்ட கண்காணிக்கற செபியோட ரூல், அப்போ ரெண்டு லார்ஜ் கேப் வச்சு என்ன பண்றது. பேசாம நிஃப்டில இருக்கற 50 கம்பெனியயும் அப்படியே வாங்கற ஒரு நிஃப்டி 50 இன்டெக்ஸ் ஃபண்டுல போட்டிருந்தா இதே கம்பெனிங்க வந்திருக்கும், டைரக்ட்ல செலவு 0.2 பர்சன்ட் பக்கம் தான்.

என்.எஃப்.ஓ. கதைய கேளுங்க. "பத்து ரூபாய்க்குக் கெடைக்குது டீச்சர், பழைய ஃபண்டெல்லாம் யூனிட் முந்நூறு நானூறு ஆயிருச்சு"ன்னாரு. நானும் கணக்கு டீச்சர், எனக்கே அப்போ தோணல பாருங்க. பத்தாயிரம் ரூபாய்க்கு கேத்தி கேரட் வாங்கறோம், சின்ன பையில கட்டுனா ஆயிரம் பை, பெரிய மூட்டையா கட்டுனா இருபத்தஞ்சு மூட்ட, கேரட் அதே கேரட் தானே. யூனிட் வெல பத்தா இருந்தா என்ன நானூறா இருந்தா என்ன, உள்ள இருக்கறது எவ்ளோ ஏறுதோ அவ்ளோ தான். அந்த ரெண்டுல ஒண்ணு சுமாரா போகுது, இன்னொண்ணு படுத்துருச்சு. இதுக்கு ஒரு அரை.

கடைசி அரை எங்க மாமாவோட ஃபோலியோவுக்கு, அதாவது அவரோட ஃபண்ட் கணக்குக்கு. வி.ஆர்.எஸ். பணத்துல ஒரு லட்சம் இவரு சொல்லி ஒரு ஃபண்டுல போட்டிருந்தாரு. 2019ல மாமா தவறிட்டாரு. எடுக்கப் போனா நாமினி காலி. ஃபார்ம் ஃபில் பண்ணுனது யாரு, நம்ம அண்ணன் தான், அவசரத்துல அந்தக் கட்டத்த விட்டுட்டாரு. நாமினி இருந்திருந்தா டெத் சர்டிஃபிகேட், அத்தையோட கே.ஒய்.சி., கேன்சல் செக்கோட முடிஞ்சிருக்கும். இல்லாததால தாலுகா ஆபீஸ்ல வாரிசு சர்டிஃபிகேட், இண்டெம்னிட்டி பாண்டு, திருப்பூர்ல இருக்கற நாத்தனாரு வந்து எனக்கு ஆட்சேபணை இல்லன்னு கையெழுத்து, நாலு மாசம் இழுத்துச்சு. நியாயமா சொல்லணும்னா அந்த நாலு மாசமும் ஓடுனது அவரு தான், ரெண்டு தடவ கோயமுத்தூருக்கே போயிட்டு வந்தாரு, பஸ் காசு கூட வாங்கல. தப்பு என்னோடது தான்மான்னு அத்தைகிட்ட நேரா சொன்னாரு. ஆனாலும் அரை கட் தான், அந்த நாலு மாசம் அத்தை பட்ட பாடு எனக்குத் தான் தெரியும். வீட்டுக்குப் போனதும் எல்லா ஃபோலியோவுலயும் நாமினி கட்டம் பாத்துருங்க.

சி.ஏ.எஸ்.ஸ பிரின்ட் எடுத்துட்டு ஒரு சனிக்கெழம போனேன். பஸ்ல போறப்போ ஒரு மணி நேரமும் எப்படி ஆரம்பிக்கறதுன்னு ஒத்திகை. போய் உக்காந்து அந்த 2,846ஐ வட்டம் போட்டு நீட்டுனேன். பாத்தாரு. கீழ பேக்கரிக்கு ரெண்டு டீ சொல்லிட்டு, "டீச்சர், என்கிட்ட இருக்கறவங்கள்ல இந்தப் பக்கத்தப் படிச்ச மூணாவது ஆள் நீங்க"ன்னாரு. கோவிச்சுக்கல. டைரக்ட் போறதுன்னா போங்க, தடுக்க மாட்டேன், ஆனா மார்க்கெட் விழுந்தா யாருக்கு ஃபோன் பண்ணுவீங்கன்னு கேட்டாரு. அதுக்கு என்கிட்ட பதில் இல்ல அப்போ. ஒன்பது ஃபண்ட பத்தி கேட்டப்போ தான் கொஞ்சம் நெளிஞ்சாரு, கம்பெனிக்காரங்க மீட்டிங் போட்டு இத தள்ளு அத தள்ளுன்னு சொல்றாங்க, நானும் தள்ளிட்டேன், கொறச்சுக்கலாம்னாரு.

டைரக்ட் சும்மா கெடையாதுங்க, அதையும் சொல்லணும். எங்க வீடு அரவேணுல இருந்து கீழ எறங்குற சரிவுல இருக்கு, வீட்டுக்குள்ள சிக்னல் கெடையாது. ஓ.டி.பி. வரணும்னா மேல மாரியம்மன் கோயில் வளைவு வரைக்கும் ஏறணும், ஏறுறதுக்குள்ள டைம் அவுட் ஆயிரும். கோயில் திண்டுலயே உக்காந்து பண்ணலாம்னு போனா வீடியோ கே.ஒய்.சி.ல கண்ண சிமிட்டுங்க, தலைய திருப்புங்கங்குது, நான் தலைய திருப்பறேன், பின்னாடி மேகமூட்டம் எறங்கி வந்து மூஞ்சியே தெரியல, முகம் தெளிவா இல்லன்னு ரிஜெக்ட். ஆடு மேய்க்கற பாட்டி ஒண்ணு பக்கத்துல நின்னு ஏங்கண்ணு தனியா தலைய ஆட்டிட்டு இருக்கன்னு கேட்டுச்சு. மூணாவது நாள் வெயில் வந்தப்போ தான் ஓகே ஆச்சு. அதுக்கு முன்னாடியே 2024 ஏப்ரல்ல நெறய பேருக்கு கே.ஒய்.சி. ஹோல்டுல போச்சே, அதுல நானும் ஒருத்தி, பான் கார்டுல அப்பா இனிஷியல் விரிச்சு முழுப் பேரா இருக்கு, ஆதார்ல வெறும் இனிஷியல், பேங்க்ல கல்யாணத்துக்கு அப்பறம் வீட்டுக்காரர் இனிஷியல். கம்ப்யூட்டருக்கு மூணும் மூணு பொம்பளைங்க. அதையும் சரி பண்ணிக் குடுத்தது மாடி ஆபீஸ் தான்.

பழசெல்லாம் ஒரே நாள்ல டைரக்ட்டுக்கு மாத்திரலாம்னு இருந்தேன், நல்ல வேள விசாரிச்சேன். ரெகுலர்ல இருந்து டைரக்ட் போறதுன்னா வித்துட்டு வாங்கற கணக்கு தான். ஒரு வருஷம் ஆகாத யூனிட்டுக்கு என் ஃபண்டுகள்ல சீக்கிரம் எடுத்தா புடிக்கற எக்ஸிட் லோட் 1 பர்சன்ட், லாபம் இருந்தா அதுக்கு 20 பர்சன்ட் டாக்ஸ். ஒரு வருஷம் தாண்டுனதுல லாபம் வருஷத்துக்கு 1,25,000 வரைக்கும் டாக்ஸ் இல்ல, அதுக்கு மேல 12.5 பர்சன்ட், 2024 ஜூலை 23ல இருந்து இப்படி. அதனால 2025 மார்ச் கடைசில ஒரு பங்கு, ஏப்ரல் முதல் வாரத்துல இன்னொரு பங்குன்னு மாத்துனேன். பத்து நாள் இடைவெளி தான், ஆனா ரெண்டு வேற வருஷக் கணக்கு, ரெண்டு 1,25,000 கெடைக்குது. இந்த ஐடியா யாரு குடுத்தா தெரியுமா, அண்ணனே தான். தன் கமிஷன் போற வழிக்குத் தானே வழி சொல்லிக் குடுக்கறாரு. டாக்ஸ் சேவிங் ஃபண்டுல மட்டும் ஒவ்வொரு மாசம் போட்டதுக்கும் தனித்தனியா மூணு வருஷ லாக்இன், முடிஞ்சத மட்டும் மாத்துனேன்.

அத்தை விஷயத்துல இன்னொண்ணு. மாமா பணம் வந்தப்போ அத்தைக்கு ஏதாவது ஃபண்டுல மாட்டி விட்ருவாருன்னு நான் பயந்தேன். "அம்மாவுக்கு ஃபண்டெல்லாம் வேணாம், போஸ்ட் ஆபீஸ்ல சீனியர் சிட்டிசன் ஸ்கீம் போட்டு மூணு மாசத்துக்கு ஒருக்கா வட்டி வாங்கிக்கட்டும்"னு சொல்லிட்டாரு. 2025ல புதுசா போட்டா 8.2 பர்சன்ட், 30 லட்சம் வரைக்கும் போடலாம், எங்ககிட்ட அவ்ளோ இல்ல, அது வேற. அந்த ஸ்கீமுக்கு ஏஜென்ட் கமிஷன 2011லயே நிறுத்திட்டாங்க. தெரிஞ்சே சொன்னாரு.

ஆனா எங்க வீட்டுக்காரருக்கு என்.பி.எஸ்.ங்கற கவர்மென்ட் பென்ஷன் ஸ்கீம் பத்தி ஒன்பது வருஷத்துல ஒரு வார்த்த சொன்னதில்ல. 2009 மே மாசத்துல இருந்தே யாரு வேணும்னாலும் சேரலாம், டாக்ஸி ஓட்டறவங்களும் சேரலாம், வருஷத்துக்கு ஆயிரம் போட்டாலே அக்கவுன்ட் உயிரோட இருக்கும், பணத்த மேனேஜ் பண்ற செலவும் ரொம்ப கம்மி. சீசன்ல மொத்தமா போட்டுட்டு மழைல சும்மா இருக்கலாம், தேதி தொல்லை கெடையாது, எங்காளுக்குன்னே செஞ்ச மாதிரி. பல வருஷத்துக்குப் பெருசா கை வைக்க முடியாது, முடிவுல பெரும்பாலும் ஒரு பங்க பென்ஷன் பிளான்ல போட வேண்டி வரும், அது சில பேருக்குப் புடிக்காது. எங்க வீட்டுக்காரருக்கு கை வைக்க முடியாதது தான் நல்லது, இல்லன்னா மியூசிக் சிஸ்டம் மாத்திருவாரு. இத நானே ஸ்டாஃப் ரூம்ல இன்னொரு டீச்சர் சொல்லித் தான் தெரிஞ்சுகிட்டேன். கேட்டதுக்கு "அது உங்க வயசுக்கு லாக் ஆயிரும்னு சொல்லல"ன்னாரு. அத்தைக்குக் கமிஷன் இல்லாதத சொன்னவரு இத ஏன் சொல்லலன்னு இன்னும் எனக்கு விளங்கல. இதுக்கும் கட் பண்ணியிருக்கணும், அத்தை கணக்குல நேர் பண்ணி விட்டுட்டேன்.

இப்போ எப்படி இருக்குன்னா, ஒன்பது ஃபண்ட் அஞ்சாச்சு. புதுசா போடற எஸ்.ஐ.பி. முழுக்க டைரக்ட்ல இன்டெக்ஸ் ஃபண்ட், நானே போடறேன், ஸ்கூல் ஸ்டாஃப் ரூம்ல வைஃபை இருக்கு, ஓ.டி.பி. ஒழுங்கா வருது. பழைய ஃப்ளெக்ஸி கேப் ஒண்ணையும் மிட் கேப்பையும் அவருகிட்டயே ரெகுலர்ல விட்டு வச்சிருக்கேன். அதுல அவருக்கு மாசம் இருநூறு ரூபா பக்கம் போகும். அடுத்த தடவ நிஃப்டி விழும்போது ஃபோன் எடுக்கறதுக்கு அந்தக் காசுன்னு வீட்டுக்காரர்கிட்ட சொன்னேன், அவரு அதுக்கு வெயிட்டிங் சார்ஜ்னு பேரு வச்சிட்டாரு.

சொந்தமா படிச்சு, விழும்போது கைய கட்டிட்டு இருக்கத் தெரிஞ்சவங்களுக்கு இந்த ஆபீஸ் தேவையில்ல. முதல் தடவ போடறவங்க, வயசானவங்க, பேரு இனிஷியல் சிக்கல் இருக்கறவங்க தாராளமா போங்க, ஆனா உக்காந்த உடனே ரூபாயில உங்களுக்கு எவ்ளோ போகுதுண்ணான்னு கேட்டுருங்க, சொல்லுவாரு. புது ஃபண்டு, பத்து ரூபா, தீம் அது இதுன்னு ஆரம்பிச்சா டீய குடிச்சிட்டு எந்திரிச்சிருங்க.

போறவங்க பான், ஆதார், கேன்சல் செக் மூணையும் ஒண்ணா வச்சு பேரு ஒரே மாதிரி இருக்கான்னு பாத்துட்டுப் போங்க. ஞாயித்துக்கெழம லீவு, சனிக்கெழம மத்தியானம் கூட்டம் கம்மி. அந்த ரோட்டுல வண்டி நிறுத்த எடம் கிடையாது, பஸ் ஸ்டாண்ட் பக்கமே விட்டுட்டு நடந்து ஏறிருங்க. மரப்படில மூணாவது படி ஆடும், மழை நாள்ல கைப்புடிய புடிச்சிக்கங்க, ஒன்பது வருஷமா சரி பண்றேன் சரி பண்றேன்னு தான் சொல்லிட்டு இருக்காரு.